சப்பீனா வந்தால் குற்றவாளியா? அமெரிக்கக் கூட்டரசு விசாரணையும் கிராண்ட் ஜூரியும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள கூட்டரசு நீதிமன்றத்தில் அதுவரை முத்திரையிட்டு வைக்கப்பட்டிருந்த ஒரு குற்றப்பத்திரிகை பகிரங்கமானது. 1எம்டிபி நிதியிலிருந்து பல பில்லியன் டாலரைச் சுருட்டி, அதை வெள்ளைப் பணமாக்கச் சதி செய்ததாகவும், மலேசிய, அபுதாபி அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுத்ததாகவும் அதில் இருவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டிருந்தது. ஒருவர் ஜோ லோ என்று அறியப்படும் லோ தேக் ஜோ. மற்றவர் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் முன்னாள் அதிகாரி ரோஜர் இங்.

அந்தக் குற்றப்பத்திரிகைக்கு ஒப்புதல் அளித்தது நீதிபதி அல்ல. பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ‘கிராண்ட் ஜூரி’ என்னும் குழு. ‘ஜூரி’ என்ற சொல் இருப்பதால் அதன் முடிவைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் அது தீர்ப்பு அல்ல. வழக்கின் தொடக்கம் மட்டுமே. அதேபோல, கிராண்ட் ஜூரியின் பெயரில் ஒருவருக்குச் ‘சப்பீனா’ வந்தால் அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர் என்றும் பொருள் அல்ல. எனினும் அதைப் பெற்றவர் அதன் பிறகு செய்யும் காரியம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக்கூடும்.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் படிப்பு, வேலை, வணிகம் என அமெரிக்காவுடன் தொடர்பு வைத்திருப்போர் ஏராளம். இந்த நடைமுறையை அறிந்துகொள்வது செய்தியைச் சரியாகப் படிக்க மட்டுமல்ல, தேவைப்பட்டால் தங்களைப் பாதுகாத்துக்கொள்ளவும் உதவும்.

கிராண்ட் ஜூரி என்றால் என்ன?

இதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1166ஆம் ஆண்டு இரண்டாம் ஹென்றி மன்னர் பிறப்பித்த கட்டளையின்படி, ஒவ்வொரு வட்டாரத்திலும் 12 பேர் சத்தியப் பிரமாணம் செய்து, தங்கள் பகுதியில் குற்றம் செய்தவராகக் கருதப்படுவோரை மன்னரின் நீதிபதிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். மன்னருக்குத் தகவல் சொல்லும் குழுவாகத் தொடங்கிய அது, காலப்போக்கில் மன்னரின் ஆட்கள் ஆதாரமின்றி ஒருவரைக் கூண்டில் ஏற்றாமல் தடுக்கும் கேடயமாகவும் கருதப்பட்டது. அந்த நம்பிக்கையோடுதான் 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தத்தில் அது இடம்பெற்றது. கடுமையான கூட்டரசுக் குற்றம் எதற்கும் கிராண்ட் ஜூரியின் குற்றப்பத்திரிகை இல்லாமல் ஒருவரை விசாரணைக்கு நிறுத்த முடியாது என்று அந்தத் திருத்தம் கூறுகிறது.

இங்கிலாந்து 1933இல் கிராண்ட் ஜூரியைப் பெரும்பாலும் கைவிட்டது. 1948இல் எஞ்சியிருந்ததையும் நீக்கியது. பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலும் பிரிட்டிஷ் ஆட்சியின்போது கிராண்ட் ஜூரி இயங்கி, 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்தது. சாதாரண ஜூரி முறையையும் சிங்கப்பூர் 1969இல் இயற்றிய சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவந்தது. மலேசியா 1995 ஜனவரி முதல் ரத்து செய்தது. இன்று இவ்விரு நாடுகளிலும் ஒருவர் மீது குற்றஞ்சாட்டுவதா என்பதைச் சட்டத்துறைத் தலைவரின் அலுவலகம் முடிவு செய்கிறது. அமெரிக்கக் கூட்டரசு முறையில் அந்த முடிவுக்குப் பொதுமக்கள் குழு ஒன்றின் வாக்கும் தேவைப்படுகிறது. இதுவே அடிப்படை வேறுபாடு.

அமெரிக்காவிலும் எல்லா மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. மாநில வழக்குகளுக்குக் கிராண்ட் ஜூரி கட்டாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் 1884இலேயே தீர்ப்பளித்துவிட்டது. இங்கே விளக்கப்படுவது கூட்டரசு வழக்குகளின் நடைமுறை.

இரண்டு ஜூரிகள், இரண்டு வேலைகள்

கிராண்ட் ஜூரியில் 16 முதல் 23 பேர் வரை இருப்பார்கள். குற்றப்பத்திரிகைக்கு ஒப்புதல் அளிக்கக் குறைந்தது 12 பேரின் வாக்கு தேவை. 18 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே இதில் அமரலாம், நிரந்தரவாசிகளுக்கு இடமில்லை. வாக்காளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்கள் எடுக்கப்படுகின்றன. குழுவின் காலம் பொதுவாக 18 மாதம் வரை. தேவைப்பட்டால் மேலும் 6 மாதம் நீட்டிக்கலாம். உறுப்பினர்கள் தினமும் கூடுவதில்லை. வாரத்தில் ஓரிரு நாள் வந்து பல வழக்குகளின் சாட்சியங்களைக் கேட்டுச் செல்வார்கள்.

நீதிமன்றத்தில் வழக்கை விசாரிக்கும் ஜூரி வேறு. அதில் 12 பேர் இருப்பார்கள். ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல அந்த 12 பேரும் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். கிராண்ட் ஜூரியின் முன் உள்ள கேள்வி அவ்வளவு கடினமானதல்ல. குற்றம் நடந்திருக்கிறது, இந்த நபர் அதைச் செய்திருக்கிறார் என்று நம்புவதற்குப் போதிய முகாந்திரம் உள்ளதா? இருந்தால் குற்றப்பத்திரிகைக்கு ஒப்புதல். இல்லையென்றால் மறுப்பு. அவ்வளவே.

கதவுக்குப் பின்னால்

கிராண்ட் ஜூரி கூடும் அறையில் நீதிபதி இருப்பதில்லை. ஜூரி உறுப்பினர்கள், அரசுத் தரப்பு வழக்கறிஞர், அப்போது சாட்சியம் அளிப்பவர், பேச்சைப் பதிவு செய்பவர், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் மட்டுமே இருக்கலாம். வாக்கெடுப்பின்போது வழக்கறிஞரும் வெளியேறிவிட வேண்டும்.

சாட்சியின் வழக்கறிஞர் உள்ளே வர முடியாது. அவர் வெளியே தாழ்வாரத்தில் காத்திருப்பார். ஒரு கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று புரியாத சாட்சி, அனுமதி கேட்டு வெளியே சென்று அவரிடம் ஆலோசித்துவிட்டுத் திரும்பலாம். விசாரிக்கப்படும் நபருக்கோ அவரது தற்காப்பு வழக்கறிஞருக்கோ குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அங்கு இல்லை.

நடப்பவை அனைத்தும் இரகசியம். ஜூரி உறுப்பினர்களும் அரசு வழக்கறிஞர்களும் பதிவாளர்களும் அதை வெளியில் சொல்லக்கூடாது. ஆனால் சாட்சியைப் பொதுவாக அந்த விதி கட்டுப்படுத்தாது. தாம் என்ன சொன்னோம் என்பதை அவர் விரும்பினால் வெளியிடலாம். இரகசியத்துக்குக் காரணங்கள் உண்டு. விசாரிக்கப்படுபவர் முன்கூட்டியே அறிந்து தப்பி ஓடக்கூடாது, சாட்சிகள் மிரட்டப்படக்கூடாது, குற்றப்பத்திரிகை வராமலே விசாரணை முடிந்தால், ஒரு நிரபராதியின் பெயர் கெடக்கூடாது.

அதே இரகசியம் ஒருதலைப்பட்சமான விசாரணைக்கும் வழிவிடுகிறது. ஒருவர் பிறர் சொல்லக் கேட்டதை மட்டும் வைத்தே குற்றப்பத்திரிகை வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1956இல் கூறியது. விசாரிக்கப்படுபவருக்குச் சாதகமான ஆதாரத்தை ஜூரியிடம் காட்டியே ஆக வேண்டும் என்று அரசுத் தரப்பைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1992இல் தீர்ப்பளித்தது. கணிசமான சாதக ஆதாரம் இருந்தால் காட்ட வேண்டும் என்பது நீதித்துறை அமைச்சு தனக்குத்தானே வகுத்துக்கொண்ட கொள்கை மட்டுமே.

சப்பீனா: தண்டனையின் பெயரால் ஓர் ஆணை

‘சப்பீனா’ என்பது இலத்தீன் மொழியில் ‘தண்டனைக்கு உட்பட்டு’ எனப் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை. இது வேண்டுகோள் கடிதம் அல்ல, ஆணை.

கிராண்ட் ஜூரி சப்பீனா இரண்டு வகைப்படும். ஒன்று, நேரில் வந்து சாட்சியம் அளிக்கச் சொல்வது. மற்றொன்று, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்வது. வங்கிக் கணக்கு விவரம், கணக்குப் புத்தகம், ஒப்பந்தம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி எனப் பட்டியல் நீளலாம். ஒரே சப்பீனாவில் இரண்டையும் கேட்பதும் உண்டு.

பெயர் கிராண்ட் ஜூரியுடையது என்றாலும், நடைமுறையில் அதை எழுதி அனுப்புவது அரசு வழக்கறிஞரே. நீதிமன்ற எழுத்தர் கையெழுத்தும் முத்திரையும் இட்டு வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிடுவார். யாரை அழைப்பது, எதைக் கேட்பது என்பதை வழக்கறிஞர் நிரப்புவார். அனுப்புவதற்கு முன் எந்த நீதிபதியும் அதைப் பரிசீலிப்பதில்லை.

சோதனை ஆணையுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஒரு வீட்டைச் சோதனையிட, எஃப்பிஐ அதிகாரிகள் போதிய முகாந்திரத்தை நீதிபதியிடம் காட்டி ஆணை பெற வேண்டும். பெற்றுவிட்டால் உடனே உள்ளே நுழைந்து எடுத்துச் செல்லலாம். சப்பீனாவுக்கு முகாந்திரம் தேவையில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் வீட்டுக்குள் நுழைய முடியாது. குறிப்பிட்ட தேதிக்குள் பெறுநரே தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும்; அதற்குள் நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கவும் அவருக்கு வாய்ப்புண்டு.

வங்கியில் இருக்கும் தகவல் இன்னும் எளிதாகக் கிடைத்துவிடும். வாடிக்கையாளரின் கணக்கு விவரங்கள் வங்கியின் வணிகப் பதிவுகள் என்பதால், அவற்றுக்கு அரசியலமைப்பின் அந்தரங்கப் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1976இல் கூறியது. அதனால் தம் கணக்கு ஆராயப்படுவது தெரியாமலே ஒருவர் மாதக்கணக்கில் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. கைப்பேசி நிறுவனத்திடமிருந்து ஒருவர் நாள்கணக்கில் எங்கெங்கு சென்றார் என்ற பதிவைப் பெற, பொதுவாகச் சோதனை ஆணை வேண்டும் என்று 2018இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சாட்சியா, இலக்கா?

சப்பீனா பெற்றவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தாம் எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதே. நீதித்துறை அமைச்சின் கையேடு மூன்று நிலைகளைக் குறிப்பிடுகிறது.

முதலாவது, சாட்சி. அவரிடம் தகவல் இருக்கிறது. அவர் மீது சந்தேகம் இல்லை. இரண்டாவது, விசாரணை வரம்புக்குள் வருபவர். அவருடைய செயல்களும் ஆராயப்படுகின்றன. முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. மூன்றாவது, இலக்கு நபர். அவரைக் குற்றத்துடன் இணைக்கும் கணிசமான ஆதாரம் இருக்கிறது. அவர் மீது குற்றஞ்சாட்டப்படும் வாய்ப்பு அதிகம்.

இந்த நிலை மாறக்கூடியது. காலையில் சாட்சியாக நுழைந்தவர், அவர் அளித்த பதிலாலேயே மாலையில் வேறு வரிசைக்குப் போகலாம். தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை வழக்கறிஞர் மூலம் அரசுத் தரப்பிடம் கேட்டறிவது வழக்கம்.

வாய் திறக்காத உரிமை எதுவரை?

தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி யாரையும் வற்புறுத்த முடியாது என்பது ஐந்தாவது திருத்தத்தின் மற்றொரு பகுதி. கிராண்ட் ஜூரியின் முன்னும் இது செல்லும். அமெரிக்காவில் இருக்கும் வெளிநாட்டவருக்கும் இது உண்டு. ஆனால் இதற்கு எல்லைகள் பல.

முதலாவதாக, உரிமை தனிமனிதருக்கே, நிறுவனத்துக்கு இல்லை. இது 1906 முதல் நிலைபெற்ற சட்டம். தமது சிறிய நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டால், ‘அது என்னையே சிக்க வைக்கும்’ என்று சொல்லி நிர்வாகி மறுக்க முடியாது.

இரண்டாவதாக, அரசுத் தரப்பு விலக்குரிமை கொடுத்து வாயைத் திறக்க வைக்கலாம். ஒருவர் சொல்லும் பதிலையோ, அதன் வழியே கிடைக்கும் ஆதாரத்தையோ அவருக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்று நீதிமன்ற ஆணை பெற்றுவிட்டால், அவர் பேசியே ஆக வேண்டும். இந்த முறை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1972இல் உறுதிப்படுத்தியது. சதிக் கும்பலின் அடிமட்டத்தில் இருப்பவரைப் பேச வைத்து மேல்மட்டத்தை எட்ட இதுவே அரசுத் தரப்பின் முக்கிய ஏணி.

மூன்றாவது எல்லை வெளிநாட்டவர் அறிந்திருக்க வேண்டியது. பதில் சொன்னால் அமெரிக்காவில் அல்ல, தம் சொந்த நாட்டில் வழக்கு வரும் என்ற அச்சத்தைக் காட்டி மௌனம் காக்க முடியாது. 1998இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இது.

பத்திரிகையாளர்களுக்கும் தனிச் சலுகை இல்லை. செய்தி கொடுத்தவரின் பெயரைச் சொல்ல மறுக்கும் அரசியலமைப்பு உரிமை கிராண்ட் ஜூரியின் முன் அவர்களுக்கு இல்லை என்று 1972இல் தீர்ப்பானது. 2005இல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜூடித் மில்லர் பெயரைச் சொல்ல மறுத்து 85 நாள் சிறையில் இருந்தார்.

மறுத்தால் என்ன ஆகும்?

சப்பீனாவைக் குப்பையில் போடுவது நீதிமன்ற அவமதிப்பு. சட்டபூர்வமான காரணம் இல்லாமல் சாட்சியம் அளிக்க மறுப்பவரை நீதிபதி சிறைக்கு அனுப்பலாம். செய்த குற்றத்துக்கான தண்டனையாக இது கருதப்படுவதில்லை. பேச வைப்பதற்கான அழுத்தம். பேச ஒப்புக்கொண்ட நாளே கதவு திறக்கும். கிராண்ட் ஜூரியின் காலம் முடிந்தாலும் விடுவிக்க வேண்டும். எப்படியும் 18 மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது.

விக்கிலீக்ஸ் விவகாரத்தில் செல்சி மேனிங்குக்கு நேர்ந்தது இதற்கு உதாரணம். வர்ஜினியாவில் கிராண்ட் ஜூரியின் முன் பேச மறுத்த அவர், 2019 மார்ச்சில் சிறையிடப்பட்டார். மே மாதம் அந்தக் குழுவின் காலம் முடிந்ததும் விடுவிக்கப்பட்டார். புதிய குழு மீண்டும் சப்பீனா அனுப்பியது, மீண்டும் மறுத்தார், மீண்டும் சிறை. 2020 மார்ச்சில் வெளியே வந்தபோது, நாள்தோறும் கூடிய அபராதம் 256,000 டாலராகியிருந்தது.

மறுப்பதற்குச் சட்டபூர்வமான வழி உண்டு. சப்பீனா நியாயமற்றது, தாங்க முடியாத சுமை என்று காட்டி, அதை ரத்து செய்யும்படியோ திருத்தும்படியோ நீதிபதியிடம் மனு செய்யலாம். வழக்கறிஞர்–கட்சிக்காரர் இடையிலான உரையாடல் போன்றவற்றைக் கேட்டிருந்தால் அதையும் எதிர்க்கலாம். ஆனால் வெல்வது எளிதல்ல. கேட்கப்பட்ட வகை ஆவணங்களில் விசாரணைக்குத் தொடர்புடைய தகவல் கிடைக்க நியாயமான வாய்ப்பே இல்லை என்று மனுதாரர் காட்ட வேண்டும் என 1991இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. பெரும்பாலும் வழக்கறிஞர்கள் மனுவுக்கு முன் பேச்சில் இறங்குவார்கள். பத்தாண்டு ஆவணத்துக்குப் பதில் மூன்றாண்டு, எல்லாரின் மின்னஞ்சலுக்குப் பதில் ஐந்து பேருடையது என்று அளவைக் குறைக்க அரசுத் தரப்பு இணங்குவது உண்டு.

உண்மையான பள்ளம் எங்கே?

கூட்டரசு விசாரணையில் சிக்கியவர்களின் கதைகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். விசாரணை எதைப் பற்றித் தொடங்கியதோ, அதற்காக அல்ல, விசாரணையின்போது செய்த காரியத்துக்காகவே அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

ஜூடித் மில்லர் சிறை சென்ற அதே விவகாரத்தில் நடந்ததும் இதுதான். சிஐஏ அதிகாரி ஒருவரின் அடையாளம் எப்படிக் கசிந்தது என்பதே விசாரணை. கசியவிட்டதற்காக எவர் மீதும் குற்றஞ்சாட்டப்படவில்லை. ஆனால் துணை அதிபர் டிக் சேனியின் தலைமை அதிகாரியாக இருந்த லூயிஸ் லிபி, கிராண்ட் ஜூரியிடமும் எஃப்பிஐயிடமும் பொய் சொன்னதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2007 மார்ச்சில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. சிறைத் தண்டனையை அதிபர் புஷ் நீக்கினார். 2018இல் அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார்.

ஆர்தர் ஆண்டர்சன் கணக்காய்வு நிறுவனத்தின் கதை இன்னும் பெரிய பாடம். என்ரான் நிறுவனம் சரிந்தபோது, அதன் கணக்காய்வு ஆவணங்களை ஆண்டர்சன் ஊழியர்கள் டன் கணக்கில் அழித்தனர். அதிகாரபூர்வமான சப்பீனா வருவதற்கு முன்பே பெருமளவு அழிந்துவிட்டது. 2002 மார்ச்சில் கிராண்ட் ஜூரியின் குற்றப்பத்திரிகை பகிரங்கமானதும் வாடிக்கையாளர்கள் பலர் விலகினர். ஜூனில் குற்றவாளி எனத் தீர்ப்பு. 2005இல் உச்ச நீதிமன்றம், ஜூரிக்குத் தரப்பட்ட சட்ட விளக்கம் தவறு என்று கூறி அந்தத் தீர்ப்பை ஒருமனதாக ரத்து செய்தது. அதற்குள் நிறுவனம் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. பல்லாயிரம் பேர் வேலை இழந்திருந்தனர். குற்றப்பத்திரிகை தீர்ப்பு அல்ல என்பது சட்டம். ஆனால் சந்தை அதுவரை காத்திருப்பதில்லை.

அந்த நிகழ்வுக்குப் பின் 2002இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. கூட்டரசு விசாரணையைத் தடுக்கும் நோக்கில் ஆவணத்தை அழித்தால் 20 ஆண்டு வரை சிறை. விசாரணை தொடங்காமல், வரக்கூடும் என்று எண்ணி அழித்தாலும் குற்றமே. ஆகவே ‘சப்பீனா இன்னும் வரவில்லையே’ என்பது சமாதானம் ஆகாது. கிராண்ட் ஜூரியிடம் சத்தியம் செய்து பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை. சத்தியம் செய்யாமல், வீட்டு வாசலில் நின்று பேசும் எஃப்பிஐ அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்வதற்கும் 5 ஆண்டு வரை தண்டனை உண்டு.

சப்பீனா கையில் கிடைத்தால்

அமெரிக்காவில் படிக்கும் மாணவரோ, அங்கு கிளை வைத்திருக்கும் வணிகரோ சப்பீனா பெற்றால் கவனிக்க வேண்டியவை சில.

* எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, கேட்பது சாட்சியமா ஆவணமா என்பதை முதலில் படிக்க வேண்டும்.

* எதையும் அழிக்கக்கூடாது, திருத்தக்கூடாது. கைப்பேசியில் குறுஞ்செய்திகள் தானாக அழியும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும்.

* சப்பீனாவைக் கொண்டுவரும் அதிகாரி அப்போதே கேள்வி கேட்டால், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வழக்கறிஞருடன் பேசிவிட்டுப் பதில் சொல்வதாகப் பணிவாகக் கூறலாம். எதையாவது சொல்லிச் சமாளிப்பதுதான் ஆபத்து.

* மற்ற சாட்சிகளுடன் பேசி, ‘எல்லாரும் ஒரே மாதிரி சொல்வோம்’ என்று முடிவெடுக்கக்கூடாது. அது சாட்சிகளைக் கலைத்த குற்றமாகலாம்.

* கூட்டரசுக் குற்றவியலில் அனுபவமுள்ள வழக்கறிஞரை உடனே அணுக வேண்டும். நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்துக்கே பொறுப்பானவர். ஊழியருக்குத் தனி வழக்கறிஞர் தேவைப்படலாம்.

* ஆங்கிலத்தில் சரளமில்லாதவர் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். அரைகுறையாகப் புரிந்த கேள்விக்குச் சொன்ன பதிலும் சத்தியத்தின் பேரில் சொன்ன பதிலாகவே பதிவாகும்.

கடல் கடந்து செல்லுமா?

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வசிக்கும் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒருவரை, சப்பீனா அனுப்பி அமெரிக்காவுக்கு வரவழைக்க முடியாது. வெளிநாட்டில் வசிக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கு அனுப்பலாம். ஆனால் வெளிநாட்டவர் அமெரிக்க மண்ணில் கால் வைத்த பிறகு அவருக்கும் சப்பீனா வழங்க முடியும்.

ஆவணங்களைப் பெற வேறு வழிகள் உள்ளன. மலேசியாவும் அமெரிக்காவும் குற்றவியல் விவகாரங்களில் ஒன்றுக்கொன்று சட்ட உதவி வழங்கும் உடன்படிக்கையில் 2006இல் கையெழுத்திட்டன. அதன்கீழ் அரசாங்கத்துக்கு அரசாங்கம் வேண்டுகோள் அனுப்பலாம். அமெரிக்க வங்கிகளில் கணக்கு வைத்திருக்கும் வெளிநாட்டு வங்கிகளிடமிருந்து, அந்தக் கணக்கு தொடர்பான ஆவணங்களைச் சப்பீனா மூலம் கேட்க 2001ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. டாலரில் நடக்கும் பரிமாற்றங்களில் பெரும்பகுதி அமெரிக்க வங்கிகளைத் தொட்டே செல்கிறது. எங்கோ நடந்த மோசடி நியூயார்க் நீதிமன்றத்துக்கு வந்து சேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேடயமா, முத்திரைக் கட்டையா?

கிராண்ட் ஜூரி தன் வேலையைச் செய்கிறதா என்ற விவாதம் பழையது. 2010இல் கூட்டரசு வழக்கறிஞர்கள் சுமார் 162,000 வழக்குகளை எடுத்து நடத்தினர். கிராண்ட் ஜூரி ஒப்புதல் தராததால் கைவிடப்பட்டவை 11 மட்டுமே. அரசு வழக்கறிஞர் கேட்டால் ஒரு சாண்ட்விச் மீதுகூடக் குற்றப்பத்திரிகை தருவார்கள் என்ற கிண்டல், நியூயார்க் மாநிலத் தலைமை நீதிபதியாக இருந்த சால் வாக்லர் 1985இல் சொன்னதிலிருந்து புழங்குகிறது.

வலுவான வழக்குகளை மட்டுமே கொண்டுவருவதால்தான் மறுப்பு குறைவு என்பது அரசுத் தரப்பின் பதில். ஒரு பக்கம் மட்டும் பேசும் அறையில் வேறென்ன முடிவு வரும் என்பது விமர்சகர்களின் கேள்வி.

ஆனால் வாக்கு மக்களிடம் இருக்கும்வரை மறுப்பும் சாத்தியமே. 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் கூட்டரசு அதிகாரி ஒருவர் மீது உண்மையிலேயே சாண்ட்விச் வீசிய ஒருவர் மீது கடுமையான குற்றஞ்சாட்ட அரசுத் தரப்பு முயன்றது. கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது. பின்னர் கிராண்ட் ஜூரி தேவைப்படாத சிறிய குற்றச்சாட்டின்கீழ் வழக்கு நடந்தது. நவம்பரில் விசாரணை ஜூரியும் அவரை விடுவித்தது.

புரூக்ளினில் பிறகு நடந்தது

1எம்டிபி வழக்கு இந்த நடைமுறையின் பல பாதைகளை ஒரே இடத்தில் காட்டுகிறது. கோல்ட்மன் சாக்ஸின் மற்றோர் அதிகாரி டிம் லெய்ஸ்னர், கிராண்ட் ஜூரியின் குற்றப்பத்திரிகைக்குக் காத்திருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார். அரசு வழக்கறிஞர் நேரடியாகத் தாக்கல் செய்த குற்றச்சாட்டை 2018இல் ஒப்புக்கொண்டு, பின்னர் அரசுத் தரப்புச் சாட்சியானார். ஒத்துழைக்க இணங்குபவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் பாதை இது. 2025இல் அவருக்கு 2 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ரோஜர் இங் குற்றத்தை மறுத்தார். 2019 மே மாதம் மலேசியாவிலிருந்து நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே 12 பேர் கொண்ட ஜூரி, இரு தரப்பையும் கேட்டு, குறுக்கு விசாரணைகளையும் பார்த்து, 2022 ஏப்ரலில் அவரைக் குற்றவாளி என்றது. 2023 மார்ச்சில் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கிராண்ட் ஜூரியின் குற்றப்பத்திரிகை பகிரங்கமானதற்கும் குற்றவாளி என்ற தீர்ப்புக்கும் இடையே மூன்றாண்டுக்கும் மேல் ஓடியிருந்தது.

ஜோ லோ மீதும் அதே நாளில் அதே குற்றப்பத்திரிகை பகிரங்கமானது. அவர் குற்றச்சாட்டை மறுத்து வந்துள்ளார்; புரூக்ளின் நீதிமன்றத்தில் முன்னிலையாகவில்லை. இருவர் பெயரும் ஒரே தாளில் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் ஒருவர் தண்டிக்கப்பட்டவர், மற்றவர் குற்றஞ்சாட்டப்பட்டவர். அடுத்த முறை ‘அமெரிக்க கிராண்ட் ஜூரி’ என்ற சொல் செய்தியில் வரும்போது, இந்த வேறுபாட்டை நினைவில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.